இன்று படகு போகாது

போன இதழில் தூக்கம் வராத ஒருவருக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், "நான்கூட ஒரு காலத்தில் இரவு பத்தரைக்கு மேல் படகோட்டியாக இருந்தேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள், நான் பக்கம் பக்கமாக எழுதிய எதற்கும் வந்ததில்லை. எத்தனை பேர் இரவில் விளையாட்டு உலகங்களில் வேறு ஆளாக இருக்கிறீர்கள்! சரி, இந்த இதழ் முழுக்க அதுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. மாமனாருக்கு மறதி நோய். பகலில் அலுவலகம், மாலையிலிருந்து அவர். கணவர் உதவுகிறார்தான். ஆனால் எது எங்கே இருக்கிறது, எந்த மாத்திரை எப்போது என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. எல்லோரும் தூங்கிய பிறகு, கண்ணை மூடி மெய்நிகர் உலகத்தைக் காட்டும் வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு பழங்கால நகரத்தில் திருடியாகத் திரிகிறேன். கூரைமேல் நடப்பேன், பூட்டுகளைத் திறப்பேன். அங்கே யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள். ஒன்றரை மணி நேரம். கழற்றியதும் குற்ற உணர்ச்சி பிடுங்குகிறது. நான் கடமையிலிருந்து ஓடுகிறேனா?

திருடியா! பலே. ஒரு நிமிடம் அதை ரசித்துவிட்டு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் "யாரும் என்னை எதற்கும் கூப்பிட மாட்டார்கள்" என்ற வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஏனென்றால் என் கதையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அம்மா பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தார். நான் மூத்தவள். தம்பி தங்கைகள் பணம் அனுப்பினார்கள், போனில் அழுதார்கள், யோசனை சொன்னார்கள். இரவு பகல் இரண்டும் என்னுடையவை. அந்த நாட்களில்தான் எழுத்து மட்டுமே உள்ள ஒரு விளையாட்டு உலகத்தில் சேர்ந்தேன். படம் கிடையாது, ஒலி கிடையாது. "ஆற்றங்கரை. பனி இறங்குகிறது" என்று திரையில் வரி வரும். நாம் செய்வதையும் பேசுவதையும் தட்டச்சு செய்ய வேண்டும். அங்கே நான் வலது காது கேட்காத ஒரு கிழட்டுப் படகோட்டி. ஆற்றைக் கடக்க வேண்டியவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வர வேண்டும். இளவரசன் வருவான், மந்திரவாதி வருவான், ஓடிவந்த கைதி வருவான். நான் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, "இன்று படகு போகாது" என்பேன்.

அவ்வளவுதான். அந்த மூன்று சொற்களுக்காகத்தான் தினமும் போனேன். காலையிலிருந்து இரவு வரை ஒருவருக்கும் 'முடியாது' என்று சொல்ல வழியில்லாதவள், அங்கே ஒரு ராஜகுமாரனைக் கரையில் நிற்க வைத்தேன். கெஞ்சுவார்கள். காரணம் கேட்பார்கள். நான் காரணம் சொல்ல மாட்டேன். அதில் இருந்த சுகத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

ஆக, இது ஓட்டம்தான். இல்லையென்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் ஓட்டத்தில் இரண்டு வகை உண்டு. நார்வே உளவியலாளர் ஃப்ரோடே ஸ்டென்செங்கும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2012-இல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று, உள்ளே உறுத்துவதை அமுக்கிவைப்பதற்காக ஒரு காரியத்துக்குள் போவது. மற்றது, நம்மில் இடமில்லாமல் ஒடுங்கிக்கிடக்கும் ஒன்றை விரித்துப் பார்ப்பதற்காகப் போவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதே ஹெட்செட், அதே ஒன்றரை மணி நேரம். வித்தியாசம் திரும்பி வரும்போதுதான் தெரியும். கழற்றிய பிறகு மாமனாரின் அறைக் கதவைத் திறக்கும்போது கை முன்பைவிட லேசாக இருக்கிறதா, இல்லை கதவே முன்பைவிடக் கனக்கிறதா? ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். நான் கேட்டு நீங்கள் சொல்ல வேண்டிய பதில் இல்லை இது.

குற்ற உணர்ச்சிக்கும் ஒரு வார்த்தை. வேலைக்குப் பிறகு மனிதர்கள் எப்படித் தெளிகிறார்கள் என்று ஆராய்ந்த சபீன் சோனன்டாக், சார்லட் ஃப்ரிட்ஸ் இருவரும் 2007-இல் நான்கு விஷயங்களை அளக்க ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார்கள். வேலையின் நினைப்பு அறுபடுவது, உடம்பும் மனமும் தளர்வது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. உங்கள் திருடிக்கு நான்கும் கிடைக்கிறது. சும்மா சோபாவில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருந்தால் நான்கில் எத்தனை கிடைக்கும் என்று யோசியுங்கள்.

இனி என் தப்பு. ஓர் இரவு மழைச் சத்தப் பதிவை ஹெட்ஃபோனில் ஓடவிட்டுக்கொண்டு படகில் இருந்தேன். அம்மாவின் கட்டிலருகே ஒரு கைமணி வைத்திருந்தேன், வேண்டுமானால் அடிக்க. அடித்திருக்கிறார். என் கிழவனுக்கு ஒரு காதுதான் கேட்காது. எனக்கு அன்று இரண்டுமே கேட்கவில்லை. அம்மா தானே இறங்கப் பார்த்து விழுந்து, மணிக்கட்டு வீங்கிப்போனது. "நீ அசந்து தூங்கியிருப்பேன்னு நினைச்சேன், பாவம்" என்றார். தூங்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து இடது காதைத் திறந்தே வைத்தேன். ஹெட்செட் போடும் உங்களுக்கு இது இன்னும் முக்கியம், கண்ணும் போய்விடுகிறதே. அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு வீட்டில் வேறொருவர் விழித்திருக்க வேண்டும். கணவரிடம் "நான் திருடப் போகிறேன், நீங்கள் காவல்" என்று சொல்லிவிட்டே போங்கள். ஒளித்துப் போவதுதான் பாதிக் குற்ற உணர்ச்சி.

அப்புறம், அந்த மாத்திரைப் பட்டியல். அதைத் தலையிலிருந்து எடுத்து ஒரு தாளில் எழுதி, கணவர் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டுங்கள். ஹெட்செட் அந்தப் பாரத்தைக் கொஞ்ச நேரம் மறைக்கும். இறக்கிவைக்காது.

கேள்வி: அறுபது பேருக்கு மேலதிகாரி நான். ஆனால் மெய்நிகர் உலகத்தில் கோட்டை வாசலில் நிற்கும் சாதாரணக் காவலாளி. "போ" என்றால் போகிறேன், "நில்" என்றால் நிற்கிறேன். அதில் அப்படியொரு நிம்மதி. என்னிடம் ஏதாவது கோளாறா?

ஒரு கோளாறும் இல்லை ஐயா. நாள் முழுக்க முடிவெடுப்பவருக்கு, முடிவெடுக்கத் தேவையில்லாத ஓர் இடம்தான் விடுமுறை. முடியாது என்று சொல்ல நான் போனேன், சரி என்று சொல்ல நீங்கள் போகிறீர்கள். அவரவருக்குப் பகலில் எது அளவுக்கு மிஞ்சிப்போகிறதோ, இரவில் அதற்கு நேர் எதிரானதைத் தேடிப் போகிறோம்.

ஒன்று மட்டும். வேடம் ஒட்டிக்கொள்ளும். நிக் யீ, ஜெரமி பெயிலன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட சோதனையில், மெய்நிகர் உலகத்தில் உயரமான உருவம் தரப்பட்டவர்கள் பணத்தைப் பங்கிடும் பேச்சில் கறாராக நின்றார்கள். குட்டையான உருவம் கிடைத்தவர்கள் அநியாயமான பங்கையும் ஒப்புக்கொள்ளும் பக்கம் சாய்ந்தார்கள். அதனால், சம்பள உயர்வு பேசப்போகும் நாளுக்கு முந்தைய இரவு மட்டும் கோட்டைக்கு விடுப்பு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேலைக்குக் கள்ளத்தனம் செய்ய இது ஒரு நவீனச் சாக்கு. இதற்கு நீங்கள் வேறு இடம் கொடுக்கிறீர்கள். வேடம் போட்டு விளையாடுவது குழந்தைகளுக்கு. வளர்ந்தவர்கள் பொறுப்பைப் பார்க்க வேண்டும். (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

சார், "நவீன" என்பதை மட்டும் முதலில் திருத்திக்கொள்கிறேன். பகடை உருட்டி மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தது 1974-இல். கணினியில் பலர் ஒரே உலகத்தில் சேர்ந்து திரியும் 'மட்' என்ற எழுத்து விளையாட்டை இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர் ராய் ட்ரப்ஷா 1978-இல் தொடங்கினார். பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தார். என் படகோட்டி அந்தப் பரம்பரையில் வந்தவன். 1980-களில் ஹாபிடாட் என்ற விளையாட்டை உருவாக்கியவர்கள், திரையில் நமக்காக நடமாடும் உருவத்துக்கு 'அவதார்' என்று பெயர் வைத்தார்கள். நம் அவதாரம்தான். ஒரு வேடிக்கை பாருங்கள். கடவுள் அவதாரம் எடுத்தால் கடமையைச் செய்யக் கீழே இறங்குகிறார். நாம் எடுத்தால் கடமையை விட்டுவிட்டு மேலே ஏறுகிறோம்.

பொறுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்று ஒரு இளைஞர். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டுஷேன் நோய். சக்கர நாற்காலி. பெரும்பாலான நேரம், இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டில் ஐபெலின் என்ற பெயரில் இருந்தார். பையன் உலகத்தோடு ஒட்டாமல் தனியாகவே இருந்துவிட்டான் என்றுதான் பெற்றோர் வருந்தினார்கள். 2014-இல், 25 வயதில் அவர் இறந்தார். அவருடைய வலைப்பதிவில் அப்பா செய்தியைப் போட்டதும், அவர்கள் கேள்விப்பட்டேயிராதவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. தங்கள் துயரங்களில் அவர் எப்படிக் கூட இருந்தார் என்று எழுதியிருந்தார்கள். சிலர் வேறு நாடுகளிலிருந்து கிளம்பி இறுதிச் சடங்குக்கே வந்துவிட்டார்கள். உடுத்தக்கூடப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தவர், அங்கே பிறருக்குக் கை கொடுத்திருக்கிறார். அந்தப் பொறுப்பை அவருக்கு இந்த உலகத்தில் யாரும் தந்திருக்க மாட்டார்கள், சார். தரத் தோன்றியிருக்காது.

உங்கள் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த இரண்டு கடிதங்கள் உங்கள் கட்சி.

கேள்வி: என் கணவர் இணைய விளையாட்டுக் குழு ஒன்றில், அதாவது கில்டில், காயம்பட்டவர்களைக் காப்பாற்றும் ஹீலர். வாரம் மூன்று இரவு ரெய்டு, கூட்டமாகப் போய் ராட்சசனை அடிப்பது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் "இப்போ எழுந்திருக்க முடியாது, எல்லாரும் செத்துடுவாங்க" என்கிறார். வேலை அழுத்தம் தாங்காமல்தான் இதில் சேர்ந்தாராம்!

படித்ததும் சிரித்தேன், பிறகு உங்களை நினைத்து நிறுத்திக்கொண்டேன். தம்பி ஒரு கடமையிலிருந்து தப்பி, நேரே இன்னொரு கடமையின் மடியில் போய் விழுந்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைக்க முடியாது. 2004-இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்த புதிதில் பெரிய ரெய்டுகளுக்கு 40 பேர் வரை வேண்டும். வருகைப் பட்டியல், கண்டிப்பான தலைவர், தாமதமாக வந்தால் திட்டு, எல்லாம் உண்டு. ஹீலர் எழுந்து போனால் கூட்டமே சரியும்.

அப்படியானால் ஏன் அது இனிக்கிறது, வீட்டு வேலை கசக்கிறது? நான் படகில் உட்கார்ந்து நிறைய யோசித்த விஷயம் இது. அந்தக் கடமையை அவரே தேர்ந்தெடுத்தார். அதற்கு ஒரு முடிவு உண்டு. ராட்சசன் விழுந்தால் வேலை முடிந்தது. அப்புறம், காப்பாற்றினால் "நன்றி" என்று பத்துப் பேர் அந்த நொடியிலேயே எழுதுவார்கள். வீட்டில் குழந்தைக்கு ராத்திரி நெற்றியில் ஈரத்துணி போட்டதற்கு யார் நன்றி எழுதினார்கள்? உங்களுக்கும் யாரும் எழுதவில்லை என்பதையும் தம்பிக்கு நினைவூட்டுகிறேன். அவருக்காவது தப்பிக்க ஒரு கில்டு இருக்கிறது.

தம்பி, இது உங்களுக்கு. வாரம் மூன்று என்பதை ஒன்றாக்குங்கள். உங்கள் குழுவில் மாற்று ஹீலர் ஒருவர் இருக்கட்டும், "வீட்டில் கூப்பிட்டால் எழுந்துவிடுவேன்" என்று தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதை ஒப்புக்கொள்ளாத கில்டு என்றால் வேறு கில்டு பாருங்கள். திரையில் செத்தவர்கள் இரண்டு நிமிடத்தில் எழுந்துவிடுவார்கள். அந்த மூன்றில் ஓர் இரவு உங்கள் மனைவிக்கு, கேள்வி கேட்காமல். அவர் படகோட்டுவாரோ கூரை ஏறுவாரோ, வெறுமனே தூங்குவாரோ, அது அவர் இஷ்டம்.

கேள்வி: மகனுக்கு 19 வயது. கல்லூரிக்குப் போவதை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. நாளுக்கு 12 மணி நேரம் அந்த உலகத்தில்தான். பேசினால் "அங்கேதான் நான் நானாக இருக்கிறேன்" என்கிறான். குளிப்பதுகூட இல்லை. அடிமையாகிவிட்டானா?

அம்மா, இந்தக் கடிதத்துக்கு மட்டும் விளையாட்டுப் பேச்சு வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸார்டர்' இருக்கிறது. எத்தனை மணி நேரம் என்று அதில் கணக்கு கிடையாது. மூன்றைப் பார்க்கிறார்கள். ஆட்டத்தின் மேல் அவன் பிடி தளர்ந்துவிட்டதா? மற்ற எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளி அது முன்னே வந்துவிட்டதா? கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்கிறதா? வழக்கமாக 12 மாதம் இப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர் வைப்பார்கள். தீவிரமாக இருந்தால் அதற்கு முன்பேயும் வைக்கலாம். வைக்க வேண்டியது மருத்துவர், நீங்களோ நானோ இல்லை. அவரிடம் போவதற்கு 12 மாதம் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு மாதம் போதும்.

நான் முதலில் கவலைப்படுவது விளையாட்டைப் பற்றி இல்லை. கல்லூரிக்குப் போகாமல், குளிக்காமல் இருப்பது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். சில நேரம் விளையாட்டு நோய் இல்லை, நோயிலிருந்து ஒளிந்துகொள்ள அவன் கண்டுபிடித்த ஒரே அறை. அதனால் இணைப்பைப் பிடுங்கிவிடாதீர்கள். பூட்டிய அறையை இடித்தால் உள்ளே இருப்பவன் எங்கே போவான்? மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். போவதற்குள் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள், திட்டும் குரலில் இல்லாமல்: "அங்கே நீ யாரு? என்ன வேலை பண்றே?" அம்மாவிடம் நான் கடைசியில் உண்மையைச் சொன்னபோது, அவர் கோபப்படவில்லை. கோணிய வாயால், "படகுல யாரை ஏத்தினே?" என்றார். அதன் பிறகு தினமும் காலையில் அந்தக் கேள்விதான். அந்த உலகத்துக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகை போட்டதுபோல ஆகிவிட்டது.

மகன் உயிரை வெறுத்துப் பேசினால் மட்டும் ஒரு நாளும் தள்ளாமல், அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: வி.ஆரிலிருந்து வெளியே வந்ததும் தலை சுற்றுகிறது. கொஞ்ச நேரம் என் கைகளே யாருடையதோபோலத் தோன்றுகிறது. பயப்பட வேண்டுமா?

கண் "நகர்கிறோம்" என்கிறது, உள்காது "நகரவில்லையே" என்கிறது. அந்தச் சண்டையில்தான் தலை சுற்றுகிறது. வழுக்கிக்கொண்டே நகராமல், இடம்விட்டு இடம் தாவும் முறையை அமைப்பில் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்து ஆடுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு பழகப் பார்க்காதீர்கள். கைகள் அந்நியமாகத் தெரிவது சிலருக்கு நேர்வதுதான், பெரும்பாலும் சீக்கிரம் விலகிவிடும். மணிக்கணக்கில் நீடித்தால் மருத்துவர். கழற்றியவுடன் வண்டி ஓட்டக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: ஏழு வருடம் ஆடிய என் பாத்திரம் கதையில் செத்துப்போனது. நானும் நண்பர்களும் சேர்ந்து எடுத்த முடிவுதான். ஆனால் அலுவலகக் கூட்டத்தின் நடுவே அழுதுவிட்டேன். என்ன காரணம் சொல்வது என்றே தெரியவில்லை.

"ஒருவர் இறந்துவிட்டார்" என்று சொல்லியிருக்கலாம். பொய்யில்லை.

வேடம் கட்டி ஆடுபவர்கள் இதற்கு 'ப்ளீட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கசிவு. பாத்திரத்தின் துக்கம் ஆளுக்குள் கசியும், ஆளின் துக்கம் பாத்திரத்துக்குள் கசியும். எது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று நிதானமாகப் பாருங்கள். ஏழு வருடத்தில் நீங்கள் அழாமல் விட்ட வேறு ஏதாவது இருக்கலாம். நாடகத்தைச் சிகிச்சையாகப் பயன்படுத்துபவர்கள், ஆடி முடிந்ததும் வேடம் கலைப்பதை ஒரு தனி வேலையாகவே செய்யச் சொல்வார்கள். எழுந்து நின்று, தன் சொந்தப் பெயரைச் சொல்லி, பாத்திரத்துக்கு விடைகொடுப்பது. நான் தினமும் முகம் கழுவிவிட்டு அம்மாவுக்குப் போர்வையைச் சரிசெய்வேன். எனக்கு அரிதாரம் கலைவது அப்படி.

கேள்வி: அந்தப் படகோட்டி இப்போது எங்கே?

அம்மா போன பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. நேரம் நிறைய இருந்தது, போகத்தான் தோன்றவில்லை. அப்புறம் ஒரு நாள் அறிவிப்பு வந்தது. ஆள் குறைந்துவிட்டதால் சர்வரை மூடுகிறார்கள், இந்த ஞாயிறு நள்ளிரவோடு சரி. போனேன். கரையில் பதினொரு பேர் காத்திருந்தார்கள். அந்த மந்திரவாதி, இளவரசன், பெயரே சொல்லாத ஒருத்தி. இளவரசன்தான் கேட்டான்: "ஐயா, இன்றைக்காவது அக்கரைக்குக் கொண்டுபோவீர்களா?" துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இன்று படகு போகாது" என்று தட்டினேன். பதினொரு பேரும் சிரித்துக்கொண்டே கரையில் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் திரை அணையும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.